ஆறு நாள் பிராய்லர் குஞ்சுக்கு மரவள்ளிக்கிழங்கு கொடுக்கலாமா? மாமனார் தோட்டத்தில் நாலு டன் நிற்கிறது

எழுமலைக்காரன்

வணக்கம். எழுமலைப் பக்கம் சின்னதாக ஒரு கோழி ஷெட் வைத்திருக்கிறேன். முன்பு ஒரு கம்பெனிக்கு வளர்ப்புக் கூலிக்கு வளர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், கணக்கில் தகராறு வந்து போன வருஷம் விட்டுவிட்டேன். இப்போது சொந்தக் குஞ்சு, சொந்தத் தீனி. பேட்சுக்கு 600 குஞ்சு, பேரையூர், உசிலம்பட்டி கறிக்கடைகளுக்கு உயிர் எடையில் கொடுக்கிறேன். குஞ்சு இறக்கி இன்று ஆறாவது நாள்.

ஸ்டார்ட்டர் தீனி, அதாவது குஞ்சுப் பருவத்துத் தீனி, நானே கலக்கிறேன். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 56, சோயாப் புண்ணாக்கு 37, எண்ணெய் 3, மீதி 4 கிலோவில் டிசிபி (கால்சியம், பாஸ்பரஸ் தருகிற தூள்), சுண்ணாம்புத்தூள், உப்பு, மினரல், வைட்டமின், மெத்தியோனின், லைசின் என்கிற அமினோ அமிலங்கள் எல்லாம் அடக்கம். இதுவரை குறை இல்லை. ஆனால் மக்காச்சோளம் விலைதான் தூங்கவிடமாட்டேன் என்கிறது. 2018இல் படைப்புழு வந்தபோது ஒரு ஆட்டம் ஆடியது, இப்போது எத்தனால் ஆலைக்காரர்களும் சோளத்தை வாங்க ஆரம்பித்த பிறகு இறங்கவே மறுக்கிறது. எனக்கு ஷெட்டுக்கு வந்து சேரும்போது கிலோ 25 ரூபாய்.

இந்த நேரத்தில் நத்தம் பக்கம் என் மாமனார் மரவள்ளி போட்டிருக்கிறார். முதலில் ஒரு விலை பேசிய வியாபாரி இப்போது கிலோ 4 ரூபாய்க்குத்தான் கேட்கிறாராம். வெறுத்துப்போய், "மாப்பிள்ளை, நாலு டன்னையும் உங்க கோழிக்கே போட்டுருங்க" என்கிறார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. மக்காச்சோளத்தில் பாதியை எடுத்துவிட்டு, அதே எடைக்குக் கிழங்கைக் காயவைத்து அரைத்துப் போட்டால் என்ன? இரண்டும் மாவுச்சத்துதானே. ஆறு நாள் குஞ்சு தாங்குமா, இல்லை பெரிதான பிறகுதான் ஆரம்பிக்க வேண்டுமா? தோலோடு அரைக்கலாமா? யாராவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். யூடியூபில் பார்த்ததைச் சொல்லாதீர்கள், அதை எல்லாம் நானும் பார்த்துவிட்டேன்.

சோளக்காட்டுப்பொம்மை

செய்துவிடாதீர்கள் அண்ணே. மரவள்ளி விஷம். எங்கள் ஊரில் பட்டியை விட்டு வெளியே வந்த ஆடு மரவள்ளித் தழையை மேய்ந்துவிட்டு வீடு வந்து சேரவில்லை, வரப்பிலேயே விழுந்து கிடந்தது. அவ்வளவு பெரிய ஆட்டுக்கே அந்தக் கதி என்றால் குஞ்சு எம்மாத்திரம். கிழங்கு தின்றுவிட்டு இஞ்சி தின்னக் கூடாது என்று எங்கள் அப்பத்தா இன்றைக்கும் சொல்லும்.

நாமக்கல்_அரவை

பொம்மை சொன்ன ஆட்டுக் கதை உண்மையாக இருக்கும், தழையில் அந்த விஷம், அதாவது சயனைடு, அதிகம். ஆனால் இங்கே பேசுவது காய்ந்த கிழங்கைப் பற்றி. நான் தீவன மில்லில் 18 வருஷமாகக் கலவை போடுகிறேன், மரவள்ளிச் சில்லு எங்களுக்குப் புதிது இல்லை. தாய்லாந்துக்காரன் 1980களில் கப்பல் கப்பலாக இதைத்தான் ஐரோப்பாவுக்குப் பன்றித் தீவனத்துக்கு அனுப்பினான். ஆக, தீவனமாக ஆகாது என்பது இல்லை. நீங்கள் கேட்ட மாதிரி "பாதியை எடுத்துவிட்டு அதே எடைக்கு" போட்டால்தான் ஆகாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மக்காச்சோளத்தை எல்லோரும் மாவுச்சத்து என்றே நினைக்கிறோம், அதில் ஏறக்குறைய 9 சதவீதம் புரதம் இருப்பதை மறந்துவிடுகிறோம். காய்ந்த மரவள்ளியில் புரதம் இரண்டு, இரண்டரை, அவ்வளவுதான். உங்கள் கலவையில் 28 கிலோ சோளத்தை எடுத்துவிட்டு 28 கிலோ கிழங்கைப் போட்டால் 22 சதவீதமாக இருந்த புரதம் 20க்கு வந்து நிற்கும். பிராய்லர் ஸ்டார்ட்டருக்கு இந்தியத் தரநிர்ணயத்தில் சொல்லியிருப்பது 22, முதல் வாரத்துக்கான ப்ரீ ஸ்டார்ட்டருக்கு 23. இருபது என்பது ஃபினிஷருக்கு, அதாவது விற்பனைக்கு முந்தைய கடைசிக் கட்டத் தீனிக்கு, உள்ள அளவு. அதாவது ஆறு நாள் குஞ்சுக்கு முப்பது நாள் கோழியின் தீனியைப் போடுகிறீர்கள். எரிசக்தியும் கொஞ்சம் குறைவு, சோளத்தில் கிலோவுக்கு 3,300 கிலோ கலோரிக்கு மேல் கிடைக்கும், நல்ல சில்லில் 3,000 சொச்சம். இது பெரிய குறை இல்லை, எண்ணெயில் சரிசெய்துவிடலாம். மரவள்ளி மாவுச்சத்து நன்றாகவே செரிக்கும், அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அப்புறம் மெத்தியோனின். இதை யாரும் கவனிப்பதில்லை. கிழங்கில் மெத்தியோனின் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும், அவ்வளவு குறைவு. போதாததற்கு, கிழங்கில் மிச்சம் இருக்கிற சயனைடைக் கோழியின் ஈரல் கந்தகத்தைச் சேர்த்துத்தான் தயோசயனேட்டாக மாற்றி வெளியே தள்ளும். அந்தக் கந்தகம் எங்கிருந்து வரும்? மெத்தியோனின், சிஸ்டினில் இருந்துதான். இறகு முளைப்பதற்கும் அதுவேதான் வேண்டும். குஞ்சு சாகாது, ஆனால் இறகு சரியாக மூடாமல், எடை ஏறாமல் நிற்கும். நீங்கள் குஞ்சு வாங்கிய இடத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

என்ன ரகம் என்று முதலில் சொல்லுங்கள். சமைத்துச் சாப்பிடுகிற ரகமா, ஆலைக்குப் போகிற ரகமா?

எழுமலைக்காரன்

அண்ணே, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. மாமனாரிடம் போன் போட்டுக் கேட்டேன். விதைக்குச்சி ஆத்தூர் பக்கமிருந்து வந்ததாம், ஜவ்வரிசி ஆலைக்கான ரகம், எச்-226 என்று சொன்னார்களாம். ஒரு தடவை அவித்துப் பார்த்தார்கள், லேசாகக் கசந்தது, அதனால் வீட்டில் யாரும் தொடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். போன வாரம் வந்த ஒரு மூட்டையில் நாலு கிழங்கை அம்மா அவித்து உதிர்த்து நேற்றுக் குஞ்சுக்குத் தூவிவிட்டது. குஞ்சு ஓடி ஓடித் தின்றது. இன்று காலைவரை ஒன்றும் ஆகவில்லை.

ஓய்வுபெற்ற கம்பவுண்டர்

அம்மா தூவியதால் பயப்பட வேண்டாம் தம்பி. தோல் சீவி அவித்ததுதானே, 600 குஞ்சுக்கு நாலு கிழங்கு என்றால் ஆளுக்கு ஒரு பருக்கை. சயனைடு வேலை செய்கிறது என்றால் மணிக்கணக்கில் காத்திருக்காது. மூச்சுத் திணறி, கொண்டை, இரத்தம் எல்லாம் நல்ல சிவப்பாக இருக்க, சீக்கிரமே முடிந்துவிடும். நான் கால்நடை மருந்தகத்தில் இருந்த காலத்தில் ஆடு மாட்டில்தான் அதைப் பார்த்திருக்கிறேன். கோழியில் பார்த்தது எல்லாம் மெதுவாக இழுக்கும் பாதிப்பு, நாமக்கல் தம்பி எழுதியது போல.

ஆனால் எச்-226 என்பதால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். எச்-165, எச்-226 எல்லாம் திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்த ரகங்கள், மாவு அதிகம் என்பதால் சேலம், நாமக்கல் பக்கம் ஆலைக்காரர்களுக்குப் பிடித்தது. ஆலையில் அரைத்து, நிறையத் தண்ணீர்விட்டு அலசிவிடுவதால் கசப்பு அவர்களுக்குப் பொருட்டில்லை. உங்களுக்குப் பொருட்டு. கசப்பு ரகத்தின் பச்சைக் கிழங்கில் சயனைடு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேலேயே இருக்கலாம், தோலில் சதையைவிடப் பல மடங்கு. அதனால் தோலோடு அரைக்கிற பேச்சே வேண்டாம், தோலில் ஒட்டிய மண்ணும் சேர்ந்து வந்து குஞ்சின் வயிற்றைக் கெடுக்கும்.

விஷம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டால் காயவைக்கிற முறை தானாக விளங்கும். கிழங்கில் சயனைடு தனியாக இல்லை, லினமாரின் என்ற சர்க்கரைப் பொருளோடு கட்டுண்டு கிடக்கிறது. அதை வெட்டிவிடுகிற நொதியும் அதே கிழங்கில் இன்னொரு அறையில் இருக்கிறது. நாம் கிழங்கை நறுக்கும்போது, துருவும்போது, நசுக்கும்போது இரண்டும் கலந்து சயனைடு ஆவியாகப் பிரியும். அது 26 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு, மதுரை வெயிலில் நிற்குமா? பறந்துவிடும். ஆனால் நொதி வேலை செய்ய ஈரமும் நேரமும் வேண்டும். அவசரப்பட்டு அடுப்புச் சூட்டில் பட்டென்று உலர்த்தினால் நொதி முதலில் செத்துவிடும், லினமாரின் உள்ளேயே தங்கிவிடும். முழுக் கிழங்கை அவித்துக் காயவைத்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதனால் நம் ஊர் வழக்கப்படி சிமெண்டுக் களத்தில் வெயிலில் காயவைப்பதே மேல். கசப்பு ரகம் என்பதால் சில்லாக நறுக்குவதைவிடத் துருவி, குவித்து, நாலைந்து மணி நேரம் சாக்கால் மூடிவைத்து, அப்புறம் பரப்புங்கள். துருவுகிற இடம் காற்றோட்டமாக இருக்கட்டும், மூடிய அறைக்குள் உட்கார்ந்து மூட்டை மூட்டையாகத் துருவ வேண்டாம்.

மேலூர்_அக்கா

துருவுங்கள், காயவைங்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள், நான் அத்தனையும் செய்து நஷ்டப்பட்டவள், என் கதையையும் கேளுங்கள் தம்பி.

மூன்று வருஷம் முன்னால், நான் கொடுத்தது நல்ல கிழங்கு, சாப்பிடுகிற ரகம், கசப்பு கிடையாது. சில்லு போட்டு மூன்று நாள் காயவைத்தேன், சுண்ணாம்பு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. பெருமையாக மாவு மில்லுக்குக் கொண்டுபோய் இடியாப்ப மாவு பதத்துக்கு நைசாக அரைத்துவந்தேன். அங்கேதான் கெட்டது. பத்து நாள் குஞ்சு, தீனியில் கால் பங்கு அந்த மாவு. குஞ்சு ஒரு வாய் கொத்தும், அலகில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், உடனே போய்த் தண்ணீர்த் தொட்டியில் அலகை விடும், தண்ணீர் எல்லாம் கஞ்சி. மதியத்துக்குள் தொட்டி புளித்து நாறும். ஷெட்டுக்குள் போனால் தூசி கண்ணைக் கட்டும், குஞ்சு எல்லாம் தும்மல். தண்ணீர் அதிகம் குடித்து எச்சம் இளகி, உமித்தரை ஈரமாகி, அமோனியா வாடை.

14ஆம் நாள் எடை போட்டேன். 400 கிராமுக்கு மேல் இருக்க வேண்டிய குஞ்சு 300ஐத் தாண்டவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு நோய் ஒன்றும் இல்லையம்மா, பசி என்றார். தொட்டி நிறையத் தீனி, குஞ்சுக்குப் பசி! அன்றைக்கே நிறுத்தி சாதாரணத் தீனிக்கு மாற்றினேன், ஆனாலும் அந்த பேட்ச் ஆறு நாள் தள்ளித்தான் விற்பனைக்கு வந்தது. ஆறு நாள் தீனிச் செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விஷம் விஷம் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், என்னைக் கெடுத்தது தூசி.

நாமக்கல்_அரவை

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. பெரிய மில்களில் குருணையாக அழுத்திக் கொடுத்துவிடுவதால் இந்தத் தொல்லை தெரிவதில்லை. வீட்டில் கலப்பவர்கள் கிழங்கை மாவு மில்லுக்குக் கொண்டு போகவே கூடாது. சுத்தியல் அரவையில் 4 எம்எம் சல்லடை போட்டு ரவை பதத்தில் எடுங்கள். கலக்கும்போது எண்ணெயை முதலில் கிழங்குத்தூள் மேல் ஊற்றிப் பிசறிவிட்டு, அப்புறம் மற்றதைச் சேர்த்தால் தூசி அடங்கும்.

இன்னொன்று, கால் பங்கு என்பது குஞ்சுக்கு அதிகம் அக்கா, நைசாக அரைக்காமல் இருந்திருந்தாலும் சோயாவை ஏற்றவில்லை என்றால் அடி விழுந்திருக்கும்.

சேகோ_சேதுராயன்

எதற்கு இவ்வளவு கஷ்டம்? சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் திப்பி கிடைக்கும், அதுவும் மரவள்ளிதான், கிழங்கைவிட மலிவு, விஷமும் அலசிப் போயிருக்கும். லாரி வாடகை போட்டாலும் கட்டும்.

ஓய்வுபெற்ற கம்பவுண்டர்

திப்பி மாட்டுக்குப் போடுகிற சாமான். மாவை எல்லாம் அலசி எடுத்தபின் மிஞ்சுகிற சக்கை, நார் அதிகம், புரதம் ஏறக்குறைய இல்லை. மாட்டுக்கு வயிற்றில் அதைச் செரிக்கிற ஏற்பாடு இருக்கிறது, மூன்று வாரக் குஞ்சுக்கு ஏது? ஈரத்தோடு ஏற்றி வந்தால் வழியிலேயே பூசணம் பிடிக்கவும் ஆரம்பிக்கும். வேண்டாம்.

எழுமலைக்காரன்

சரி, எனக்கு ஓரளவு புரிகிறது. பாதி என்கிற யோசனையை விட்டுவிட்டேன். ஆனால் கிழங்கையே விடச் சொல்கிறீர்களா? மாமனாரிடம் "ஆகாது" என்று சொன்னால் "உங்களுக்குச் சோம்பேறித்தனம் மாப்பிள்ளை" என்பார், நேரே முகத்துக்கு. எத்தனை சதவீதம் போடலாம், எந்த வயதில், கலவையை எப்படி மாற்றுவது, இதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

நாமக்கல்_அரவை

மாமனாருக்குக் காட்டுவதற்கு ஒரு கணக்கு தருகிறேன்.

ஐரோப்பியத் தீவன விதியில் மரவள்ளிப் பொருளில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை சயனைடு இருக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். எல்லாம் கலந்த முழுத் தீவனத்தில் 50. ஆனால் சின்னக் கோழிக்குஞ்சுக்கான முழுத் தீவனத்தில் 10தான். அவர்களும் குஞ்சைத் தனியாகப் பிரித்தே பார்க்கிறார்கள். இப்போது 100 மில்லிகிராம் உள்ள சில்லைத் தீனியில் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் சரியாக அந்த 10 வருகிறது. நன்றாகத் துருவிக் காயவைத்தால் 100க்கும் கீழே இறங்கும். அதனால் கறிக்கோழிக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் உங்களுக்கு, கசப்பு ரகம் என்பதால், 21 நாளுக்குப் பிறகு. முதல் மூன்று வாரம் குஞ்சு தின்பதே கொஞ்சம், அந்தக் கொஞ்சத்துக்குள் எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். அங்கே சோதனை செய்து மிச்சம் பிடிக்கிற காசு பிறகு எடையில் போய்விடும். ஃபினிஷரில் 15, நல்ல ரகமாக இருந்தால் 20 வரைகூட ஆட்கள் போகிறார்கள், நான் உங்களை அனுப்ப மாட்டேன்.

உங்கள் ஸ்டார்ட்டர் கலவையையே வைத்துக் காட்டுகிறேன், ஃபினிஷருக்கும் இதே வழிதான். 56 சோளம் 44 ஆகிறது. கிழங்கு 10. சோயா 37இல் இருந்து 38.5. எண்ணெய் 3இல் இருந்து 3.5. மீதி 4 கிலோ அப்படியே, அதில் மெத்தியோனினை மட்டும் 50 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். புரதம் 22ஐ ஒட்டி நிற்கும்.

இப்போது காசு. 12 கிலோ சோளம் மிச்சம், 25 ரூபாய் கணக்கில் 300. சோயா 45 ரூபாய் என்றால் ஒன்றரைக் கிலோவுக்கு 67 ரூபாய் சொச்சம், அரை கிலோ எண்ணெய்க்கு 65, மெத்தியோனினுக்கு ஒரு பதினைந்து இருபது. ஆக 150 ரூபாய் போய்விட்டது. மிச்சம் 150க்குள்தான் அந்த 10 கிலோ கிழங்குத்தூள் வந்து சேர வேண்டும், அதாவது கிலோ 15 ரூபாய். அதற்கு மேலே போனால் சோளமே மலிவு.

ஒரு கிலோ காய்ந்த தூளுக்கு ஏறக்குறைய 3 கிலோ பச்சைக் கிழங்கு வேண்டும். வியாபாரி 4 ரூபாய்க்குக் கேட்கிறார் என்றீர்கள், மூன்று நாலு பன்னிரண்டு. சீவ, துருவ, காயவைக்க, அரைக்க எவ்வளவு சிக்கனமாகச் செய்தாலும் கிலோவுக்கு 4 ரூபாய். மொத்தம் 16. தம்பி, 4 ரூபாய்க்கு விற்கிற கிழங்கைக் கோழிக்குப் போட்டால் கிலோவுக்கு ஒரு ரூபாய் நஷ்டம், உடம்பு வலி இலவசம்.

அளவையும் பாருங்கள். 600 கோழிக்கு மூன்று வாரத்துக்குப் பிறகு தேவைப்படும் தீனி 1,300 கிலோ சொச்சம். அதில் 10 சதவீதம் என்றால் 130 கிலோ தூள், பச்சையில் 400 கிலோ. நாலு டன்னைத் தீர்க்க உங்களுக்குப் பத்து பேட்ச் வேண்டும்.

மேலூர்_அக்கா

இந்தக் கணக்கை எனக்கு மூன்று வருஷம் முன்னால் யாராவது சொல்லியிருக்கலாம்.

எழுமலைக்காரன்

அண்ணே, வாயடைத்துப் போய்விட்டேன். மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். முதலில் "உன் நாமக்கல்காரன் ஆலைக்காரனுக்கு வேண்டியவனா" என்று கேட்டார். அப்புறம் அவரே விரல்விட்டு எண்ணினார். எண்ணிவிட்டு ஒன்றும் பேசாமல் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

ஆனால் ஒரு சந்தேகம். எடுக்கும்போது ஒடிந்தது, விரல் பருமனில் இருப்பது, வியாபாரி கழித்துப் போடுவது, இது எப்படியும் ஏக்கருக்கு அரை டன்னாவது இருக்கும். அதற்கு விலையே கிடையாதே?

நாமக்கல்_அரவை

அதுதான் கோழிக்கு உரிய கிழங்கு. அதற்குக் கூலி மட்டும்தான் செலவு, கிலோ 4, 5 ரூபாயில் தூள் கையில் நிற்கும், ஒரு பேட்சுக்கு ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடிக்கலாம். நல்ல கிழங்கை விற்கச் சொல்லுங்கள், கழிவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒடிந்தது என்றால் அன்றைக்கே துருவ வேண்டும், பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீல நரம்பு ஓடிக் கறுத்துவிடும்.

சோளத்துக்கு மாற்று வேண்டும் என்றால் உங்கள் ஊரிலேயே கம்பு இருக்கிறதே, பேரையூர், டி.கல்லுப்பட்டி கரிசலில் மானாவாரியாகப் போடுகிறார்கள். புரதம் சோளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அறுவடை சமயத்தில் விலை பார்த்து வாங்கினால் கிழங்கைவிடத் தலைவலி குறைவு. அரிசி நொய் கட்டுகிற விலையில் கிடைத்தாலும் விடாதீர்கள்.

ஓய்வுபெற்ற கம்பவுண்டர்

காயவைப்பதில் ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். பாதி காய்ந்த துருவல்மேல் ஒரு தூறல் விழுந்தால் போதும், பச்சையும் கறுப்புமாகப் பூசணம் ஏறும். மேலே தட்டிவிட்டு, மறுபடி காயவைத்துப் போடலாம் என்று தோன்றும். பூசண நஞ்சு வெயிலில் போகாது, அவித்தாலும் போகாது, குஞ்சின் ஈரலைத்தான் முதலில் பிடிக்கும். அப்படி ஆனதைக் குப்பைக்குழியில் போட்டுவிடுங்கள். பதம் பார்க்க, ஒரு சில்லை ஒடித்தால் பல்பத்தை ஒடித்தது போல சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள்.

அதிகமாகச் செய்கிற எண்ணம் இருந்தால் ஒரு கிலோ மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். மதுரையிலும் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையம் இருக்கிறது, வழி கேட்டால் சொல்வார்கள்.

எழுமலைக்காரன்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்திருப்பீர்கள்.

22ஆம் நாள் 50 கோழியைத் தட்டி கட்டிப் பிரித்து, அதற்கு மட்டும் 10 சதவீதம் கிழங்கு போட்டேன், அண்ணன் சொன்ன வழியில் சோயா, எண்ணெய், மெத்தியோனின் எல்லாம் ஏற்றி. ரவை பதம், 4 எம்எம் சல்லடை. முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி நின்றது, மறுநாளில் இருந்து சரியாகத் தின்றது. அலகில் ஒட்டவில்லை. 42ஆம் நாள் எடை போட்டதில் இந்த 50 சராசரி 1.96 கிலோ, மற்றவை 2.02. இறப்பு இந்தப் பக்கம் ஒன்று, அதுவும் நாய் குரைத்து மிரண்டு மூலையில் நெரிசலில் போனது. ஐம்பது கோழியை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது என்று எனக்கும் தெரியும்.

கறிக்கடைக்காரர் மட்டும் "இதென்ன, கால் கொஞ்சம் வெளுப்பா இருக்கு, சீக்கா?" என்று கேட்டார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. சோளத்தின் மஞ்சள் குறைந்ததால்தான் என்று விளக்கினேன், தலையை ஆட்டினார், ஆனால் அந்த 50ஐக் கடைசியாகத்தான் எடுத்தார்.

இப்போதைய தொல்லை வேறு. மீதித் தூள் இரண்டு சாக்கு இருந்தது, நேற்று அவிழ்த்தால் வண்டு ஓடுகிறது. என்ன செய்ய?

நாமக்கல்_அரவை

வெளுப்புக்குச் சோளம் 44 இருக்கிறவரை பெரிதாகப் பயம் இல்லை, கடைக்காரர் பழகிவிடுவார். அவரிடம் விளக்கம் சொல்லாதீர்கள், சொன்னால் விலை குறைப்பார்.

வண்டு வந்தது சணல் சாக்கில் வைத்ததால். தூளாக வைக்காமல் சில்லாகவே வைத்திருங்கள், கலக்கும் வாரத்தில் அரைத்துக்கொள்ளலாம். இப்போது உள்ளதை நல்ல வெயிலில் மெல்லிசாகப் பரப்பிச் சலித்து, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பீப்பாயில் போடுங்கள். பூசண வாடை அடித்தால் மட்டும் போட வேண்டாம். அடுத்த தடவை கிழங்கைப் பிடுங்காமல் செடியிலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள், ஒன்றிரண்டு மாதம் மண்ணுக்குள் கெடாது, கொஞ்சம் நார் கட்டும்.

எழுமலைக்காரன்

மாமனார் மூன்றரை டன்னை 4 ரூபாய் 50 காசுக்கு விற்றுவிட்டார் அண்ணே, வியாபாரியே இறங்கிவந்தாராம். வேலி ஓரத்து இரண்டு வரிசையை மட்டும் மாப்பிள்ளை கோழிக்கு என்று விட்டுவைத்திருக்கிறார்.

சோளக்காட்டுப்பொம்மை

எல்லாம் படித்தேன். எங்கள் வீட்டில் இருபது வாத்துக்குஞ்சு இருக்கிறது, அதற்கு இந்தத் தூள் கொஞ்சம் போடலாமா?

ஓய்வுபெற்ற கம்பவுண்டர்

அந்த வண்டு விழுந்த சாக்கில் இருந்து மட்டும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள் பொம்மை. பூசண நஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சு பல மடங்கு மென்மை, கோழி தாங்குகிற அளவில் வாத்து கவிழ்ந்துவிடும்.